ஊசியா, பட்டையா?

புதுச்சேரி அருகே பாகூர் வயல்வெளியில் 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸின் படை பயனெட் என்ற முனைக்கத்தி செருகிய துப்பாக்கிகளோடு ஆள்மேல் ஆள் விழும் நெருக்கத்துக்கு வந்தது. பிரெஞ்சு அணி உடைந்தது. தளபதி கெர்ஜான் சிறைப்பட்டார். எட்டு ஆண்டு கழித்து ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் பணிந்தது.

பாகூரில் கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் அவ்வளவு நெருங்கினார்கள்? விடை அந்தத் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. ‘பிரவுன் பெஸ்’ என்று பின்னால் பெயர் பெற்ற அந்த ஆங்கில மஸ்கட் சுமார் நாலரை கிலோ எடை. வழவழப்பான குழலின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர், ஈயக்குண்டோ 17.5 தான். கரி படிந்த குழலிலும் குண்டு சட்டென இறங்கவேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. அதனால் குண்டு குழலுக்குள் முட்டி மோதி, நினைத்த திசைக்குப் போகாது. நூறு மீட்டருக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்ப்பது வீண்.

சுடும் விதம் எளிது. ‘குதிரை’ எனப்படும் சுத்தியலின் வாயில் சிக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டை உரசும். பொறி குழலோரச் சிறு கிண்ணத்து வெடிமருந்தில் விழும். நெருப்பு சிறு துளை வழியே குழலுக்குள் பாயும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். மழையில் கிண்ணத்து மருந்து நனைந்துவிட்டால் மிஞ்சுவது முக்கோணப் பயனெட் மட்டுமே.

பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது குழல் கட்டையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை. ஆங்கிலேயர் குறுக்கே ஊசி செருகி, பித்தளைப் பூண் போட்டார்கள். பிரெஞ்சுப் படையின் 1728 மாதிரியிலோ இரும்புப் பட்டைகள் குழலைச் சுற்றியிருக்கும். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி குழலை 39 அங்குலமாகக் குறைத்தது. அதுவே ‘இந்தியா மாதிரி’. அதன் விசைத்தகட்டில் இதய வடிவக் கம்பெனி முத்திரையைத் தேடவேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடத்தில் ஜார்ஜ் கோட்டை ஆயுதங்களையும் தஞ்சை அரண்மனை ஆயுதங்களையும் நேரில் பார்க்கலாம்.

விசைத்தகட்டு முத்திரைகளுக்கு எமன் உப்புத்தாள். துருவோடு எழுத்தும் போய்விடும். பிறகு அது வெறும் பழைய இரும்பு.

சுடும் நிலையில் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் தேவை. நூறாண்டு கடந்த பொருளை அரசு அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பாகூரிலோ வில்லியனூரிலோ உழும்போது ஈயக்குண்டோ துருப்பிடித்த குழலோ கிடைத்தால் தேய்க்காதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்சியருக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கேட்பதும் அதைத்தான்.