லாபானின் வாக்கும் ஏஜென்ட்டின் வாக்கும்
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநூல் 29ஆம் அதிகாரத்தில் ஒரு வேலை ஒப்பந்தம் வருகிறது. அண்ணன் ஏசாவுக்குத் தப்பி வந்த யாக்கோபை அவருடைய தாய்மாமன் லாபான் ஓடிவந்து கட்டித் தழுவுகிறார். நீ என் எலும்பும் சதையும் என்கிறார். ஒரு மாதம் கழித்து, என்ன கூலி வேண்டும் என்று கேட்கிறார். ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் உழைக்கிறேன் என்கிறார் யாக்கோபு. லாபானும் சரி என்கிறார். ஏழு ஆண்டுகள் முடிந்து, திருமண விருந்தும் முடிந்து, பொழுது விடிந்து பார்த்தால் அங்கே இருப்பது லேயா! ஏன் ஏமாற்றினீர் என்று கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் அல்ல என்று பதில் வருகிறது. அந்த வழக்கத்தை லாபான் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலும் ஏழு ஆண்டுகள், அதன்பின் மந்தைக்காக ஆறு ஆண்டுகள் என்று யாக்கோபு 20 ஆண்டுகள் உழைக்கிறார். தம் கூலி பத்து முறை மாற்றப்பட்டதாக 31ஆம் அதிகாரத்தில் அவரே முறையிடுகிறார்.

இந்தப் பகுதியை இன்று நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றும் ஏஜென்ட்டுகள் இன்றும் லாபானின் வழியில்தான் வருகிறார்கள். முதலில் உறவு, அல்லது நம்ம ஊர்க்காரர் என்ற நெருக்கம். அடுத்து, கேட்டதற்கெல்லாம் சரி என்னும் தாராளம். கடைசியில், திரும்ப முடியாத இடத்துக்குப் போன பிறகு வெளிவரும் புது நிபந்தனை.

வேலை இல்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், கோவையில் லேத் பட்டறையிலும், சென்னையில் கணினி நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருப்பவர்களையும் ஏஜென்ட்டுகள் தேடுகிறார்கள். சம்பளம் வருகிறவருக்குத்தான் கடன் கிடைக்கும். அவர் வீட்டில்தான் அடகு வைக்க நகை இருக்கும். 2022ஆம் ஆண்டில் நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போகப்பட்ட படித்த இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் இணையவழி மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். பட்டம் படித்தவரும் ஏமாறுகிறார், கைத்தொழில் தெரிந்தவரும் ஏமாறுகிறார்.

ஆகவே, கையில் ஒரு வேலையோடு இருக்கும் நாம், ஏஜென்ட் ஒருவர் வந்தால் எப்படி நடந்துகொள்வது?

முதலாவது, இருக்கும் வேலையை அவசரப்பட்டு விடக்கூடாது. "இரண்டு நாளில் விசா முடிந்துவிடும், இன்றே ராஜினாமா கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அந்த அவசரமே அவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். நேர்மையான முதலாளி, நாம் பழைய இடத்தில் முறையாகச் சொல்லிவிட்டு வர ஒரு மாதம் பொறுப்பார். எழுத்தில் வேலை ஒப்பந்தம் வந்து, விசா வந்து, இரண்டையும் சரிபார்த்த பிறகே ராஜினாமா கொடுக்க வேண்டும். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் என்று ஆண்டவர் சொன்னதை லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்க்க நமக்கு நேரம் தராதவரை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, அவர் யார் என்று கேட்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்து, வங்கி உத்தரவாதமும் கட்டியிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடும். "நான் அந்த ஏஜென்சியின் ஆள்" என்று வருகிற துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஊருக்குள் வந்து பணம் வாங்குகிறவர் பெரும்பாலும் இந்தத் துணை ஏஜென்ட்டுதான் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பணம். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400 ரூபாய். அதற்கும் ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவர் சட்டத்தை மீறிக் கேட்கிறார். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்திட வேண்டாம்.

நான்காவது, ஆவணங்கள். பாஸ்போர்ட் அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. விசாவுக்காகக் கொடுக்க நேர்ந்தால் எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். கையில் விட்டுவிட்டு வரக்கூடாது.

ஐந்தாவது, எந்த விசா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 10ஆம் வகுப்பு முடிக்காதவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். நம்மை அலைக்கழிக்க வைத்த விதி அல்ல இது. அந்த அனுமதியோடு போகிறவருக்குத்தான் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேரும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுற்றுலா விசாவில் அனுப்புகிறவர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் நம் கையிலிருந்து பறித்துவிடுகிறார்.

ஏற்கெனவே வளைகுடாவில் வேலையில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்தக் கம்பெனியை விட்டு வா, ஃப்ரீ விசா இருக்கிறது, இரண்டு மடங்கு சம்பளம்" என்று அங்கேயும் ஏஜென்ட்டுகள் அழைக்கிறார்கள். ஃப்ரீ விசா என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. ஒருவர் பெயரில் விசா, வேறொருவரிடம் வேலை என்பதற்கு மக்கள் வைத்த பெயர்தான் அது. சவூதியில் முதலாளி 'ஹுரூப்' என்று பதிவு செய்துவிட்டால், அதாவது ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டால், சிறைக்கும் வழக்குக்கும் ஆளாக நேரும். ஊர் திரும்புவதும் எளிதல்ல. சம்பளம் வரவில்லை, ஒப்பந்தம் மாறிவிட்டது என்றால் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருப்பவரும் புகார் பதியலாம்.

யாக்கோபு லாபானை விட்டு எப்படி வெளியேறினார் என்பதையும் பாருங்கள். முதலில் ஆண்டவரின் குரலைக் கேட்டார். பிறகு ராகேலையும் லேயாவையும் வயல்வெளிக்கு அழைத்துக் கலந்துபேசினார். கடைசியில் லாபானோடு உடன்படிக்கை செய்தபோது, கற்களைக் குவித்து அதைச் சாட்சியாக வைத்தார். செபம், குடும்பத்தாரோடு ஆலோசனை, கண்ணுக்குத் தெரியும் சாட்சி. நம் வீடுகளில் பல நேரங்களில் மனைவிக்குத் தெரியாமலே நகை அடகுக்குப் போகிறது. மகன் கையெழுத்திட்ட தாளில் என்ன இருந்தது என்று தாய்க்குத் தெரிவதில்லை. யாக்கோபின் கற்குவியலுக்கு ஈடாக நம்மிடம் ரசீதும் ஒப்பந்தத்தின் நகலும் இருக்கட்டும். அந்த நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

இறைமக்களே, இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஊருக்குள் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர் சில நேரங்களில் நம்மோடு திருப்பலியில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கிறார். "நான் வழிதான் காட்டினேன், மற்றது எனக்குத் தெரியாது" என்பது ஆண்டவர் முன் நிற்காது. அடுத்தவரின் பிழைப்பைப் பறிப்பதைச் சீராக்கின் ஞானநூல் 34ஆம் அதிகாரம் கொலைக்கு ஒப்பிடுகிறது. அநீதியாய் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நம் மறைக்கல்வியும் போதிக்கிறது. சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். பாவமன்னிப்பு அருளடையாளத்தை நாடுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏமாந்தவரைப் பற்றியும் நாம் பேச வேண்டும். பணத்தை இழந்து திரும்பியவர் ஊர் முகத்தில் விழிக்கக் கூசி, வேறு ஊரில் ஒளிந்து வாழ்வது உண்டு. கடன்காரர் வாசலில் நிற்க, மனைவி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் உண்டு. "பேராசைப்பட்டான், பட்டான்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அந்த வீட்டை மூடிவிடும். பிள்ளையின் படிப்புக்கும் தங்கையின் திருமணத்துக்கும் நாலு காசு அதிகம் தேடியதைப் பேராசை என்று சொல்ல நாம் யார்? அடிமையாக விற்கப்பட்ட புனித ஜோசபின் பகித்தாவின் திருநாளான பிப்ரவரி 8ஐ, மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாகத் திருஅவை 2015 முதல் கடைப்பிடிக்கிறது. விற்கப்பட்டவரின் மீது அவமானத்தைச் சுமத்தாமல், அவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிறது நம் திருஅவை.

ஆகவே, ஒவ்வோர் அன்பியத்திலும் இதை வெளிப்படையாகப் பேசுவோம். வெளிநாடு போக நினைப்பவர் இருந்தால், விவரம் தெரிந்த இருவர் அவரோடு உட்கார்ந்து தாள்களைப் படித்துப் பார்க்கட்டும். தமிழக அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம். ஏமாந்தவர் இருந்தால், காவல் நிலையத்துக்கும் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அவரைத் தனியே அனுப்பாமல் கூடப் போவோம்.

பாம்பின் முன்மதியும் புறாவின் கள்ளமின்மையும் நமக்கு வேண்டும் என்றார் ஆண்டவர். கள்ளமில்லாமல் உழைக்கும் நம் மக்களுக்கு அந்த முன்மதியையும் அவர் தந்தருள்வாராக. யாக்கோபைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்த இறைவன், தொலைவில் உழைக்கும் நம் பிள்ளைகளையும் காத்து வீடு சேர்ப்பாராக. ஆமென்.