நீலத்தைக் குறைக்கச் சொல்பவர்கள்

வண்ணப் புகைப்படம் ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டால் நம் சூழலில் பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, 'நல்லா இருக்கு'. மற்றது, 'கலர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே'. முதலாவது பேச்சை முடித்துவைக்கும் வாக்கியம். அதற்குமேல் கேட்டால் அநாகரிகம். இரண்டாவதற்கு விமர்சனத்தின் தோரணை உண்டு. விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று கேட்பவர் ஒடுங்கிவிடுகிறார். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஜாஸ்தி என்றால் எதைவிட ஜாஸ்தி? அளவுகோல் யார் கையில் இருக்கிறது?

இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறுவேறு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன என்பது என் வாதம். 'இந்த நிறத்தின் மிகையால் படத்தில் இருந்திருக்க வேண்டிய தகவல் அழிந்துபோயிருக்கிறது' என்பது ஒன்று. 'இந்த நிறம் என் ரசனைக்குக் கீழே கிடக்கிறது' என்பது மற்றது. முதலாவதைச் சோதித்துப் பார்க்க முடியும். இரண்டாவதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. இரண்டும் ஒரே சொற்களில் வந்து விழுவதால் அமெச்சூர் படக்காரர் இரண்டுக்கும் ஒரே காரியத்தைச் செய்கிறார்: நிறத்தைக் குறைத்துவிடுகிறார்.

சரித்திரத்தை முதலில் பார்த்துவிடலாம். 1810இல் வெளிவந்த தன் நிறக் கோட்பாட்டு நூலில் கதே, பளிச்சென்ற நிறங்களை விரும்புகிறவர்களாக நாகரிகமடையாத மக்களையும் குழந்தைகளையும் குறிப்பிடுகிறார். பண்பட்டவர்கள் உடையிலும் சுற்றுப்புறத்திலும் அடர்நிறங்களைத் தவிர்ப்பதாகவும் சொல்கிறார். புகைப்படத்துக்குள் இதே படிநிலை வேறு உருவில் நுழைந்தது. கறுப்பு வெள்ளை கலை. கலர் விளம்பரத்துக்கும் குடும்ப ஆல்பத்துக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1969இல் வண்ணப் புகைப்படத்தைக் கொச்சையானது என்றே எழுதினார். (அதே எவன்ஸ் 1973 முதல் போலராய்டு உடனடிக் கேமராவில் கலர் படங்களாக எடுத்துத் தள்ளினார் என்பது தனிக் கதை.) நம் சிறுபத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ரோலான் பார்த்தும் விதிவிலக்கில்லை. 1980இல் வந்த அவருடைய கடைசிப் புத்தகத்தில், நிறம் என்பது கறுப்பு வெள்ளையின் மூல உண்மைமேல் பிற்பாடு பூசப்பட்ட ஒப்பனை என்ற பொருளில் பேசுகிறார். அமைப்பையே உடைத்துப் பார்த்தவருக்கும் கலர் என்றால் பவுடர் சமாச்சாரம்தான்.

1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எக்ல்ஸ்டனின் வண்ணப் படங்கள் வைக்கப்பட்டபோது அவற்றைச் சலிப்பூட்டும் சாதாரணம் என்று நிராகரித்த விமர்சகர்கள் இருந்தார்கள். இன்று அதே கண்காட்சி வண்ணப் புகைப்படக் கலையின் திருப்புமுனையாகப் படிக்கப்படுகிறது. எனவே, 'ஜாஸ்தி' என்ற தீர்ப்பு காலத்தால் மாறுகிறது. வர்க்கத்தாலும் மாறுகிறது. பியர் பூர்தியு தன் ரசனை ஆய்வில் (1979) ஒரு கிழவியின் கைகளைக் காட்டும் புகைப்படத்தைப் பல வர்க்கத்தினரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். தொழிலாளிகள் அந்தக் கைகளைப் பற்றிப் பேசினார்கள். பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று. படிநிலையில் மேலே போகப்போகப் பேச்சு கையை விட்டுவிட்டுக் கலை, குறியீடு, உழைப்பு என்ற கருத்து என்று போய்விடுகிறது. படத்துக்குள் இருப்பதைப் பேசுவது கீழ். படத்தைப் பற்றிப் பேசுவது மேல். கருத்துக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்த ஏணி சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

இது வெறும் அழகியல் தகராறு இல்லை என்பதற்கு நான் உடனிருந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். வட மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர், தன் செல்போனில் எடுத்த படங்களை எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். 'தோழர், பாத்துச் சொல்லுங்க, எப்படி இருக்குன்னு' என்றார். அதில் ஒன்று அவர் ஊர் அம்பேத்கர் சிலை. ஏப்ரல் 14க்காகப் புதிதாக வர்ணம் அடித்திருந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருப்பதுபோல அந்தச் சிலையும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. கம்பிகளுக்குப் பின்னால் கோட்டு பளீரென்ற நீலத்தில் இருந்தது.

'நீலம் கண்ணைக் குத்துதுப்பா, கொஞ்சம் கொறைச்சா கம்பி நல்லா எடுபடும்' என்றார் ஒருவர். 'பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டுப் பாருங்க தோழர், ஒரு டெப்த் கிடைக்கும்' என்றார் இன்னொருவர். 'கேலண்டர் மாதிரி இருக்கு' என்று மூன்றாவது குரல். அந்தத் தம்பி அங்கேயே உட்கார்ந்து விரலால் இழுத்து நீலத்தைக் குறைத்தார். கோட்டு சாம்பலாகிவிட்டது. கம்பிகள் செங்குத்துக் கோடுகளாக அழகாக எழுந்து நின்றன. எல்லோருக்கும் திருப்தி. சிலை ஒரு வடிவப் பிரச்சினையாகிவிட்டது, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1942இல் அம்பேத்கர் தொடங்கிய அட்டவணைச் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அந்த நிறம் கொடியிலிருந்து கோட்டுக்கும் சுவருக்கும் கொம்புக்கும் பரவியது. மாட்டுப்பொங்கலன்று யார் வீட்டு மாட்டுக்கு எந்த வர்ணம் என்பது ஊரில் வாசிக்கப்படுகிற ஒரு பிரதி. அந்தச் சூழலில் நீலம் கண்ணைக் குத்துகிறது என்றால், குத்துவதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. கூண்டு ஏன் வந்தது என்ற கேள்வியும் அந்தக் குத்தலோடு சேர்ந்ததுதான். 'குறைச்சா நல்லா இருக்கும்' என்றவருக்குச் சாதி உணர்வு இருந்ததாக நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய ரசனை அவரைக் கேட்காமலேயே ஒரு வேலையைச் செய்துமுடித்துவிட்டது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நான் ரொம்ப சௌகரியமான இடத்தில் நின்றுவிடுவேன்: அமெச்சூர் படங்களில் எல்லா நிறமும் புனிதம், விமர்சனமெல்லாம் ஒடுக்குமுறை. அப்படி இல்லை. அந்தப் படத்தில் உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கூட்டத்தில் யாருமில்லை, சிலைக்கு வர்ணம் அடித்தவர். தம்பி பழைய நீலப் படத்தை அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் சொன்னாராம்: 'நான் அடிச்ச நீலம் இது இல்ல தம்பி. மடிப்புக்கு மடிப்பு கறுப்பு கலந்து இழுத்திருக்கேன். இதுல கோட்டு தகடு மாதிரி இருக்கு. பாக்கெட்டுல பேனா எங்க?'

அவர் நீலம் ஜாஸ்தி என்று சொல்லவில்லை. நீலத்துக்குள் இருந்தது காணாமல் போயிற்று என்றார். இது சோதிக்கக்கூடிய கூற்று. கணினியில் படத்தைத் திறந்து பார்த்தோம். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கோட்டின் பெரும்பகுதியில் நீலம் 255இல் முட்டி நின்றது, சிவப்பு 0இல் கிடந்தது. மேடும் பள்ளமும் ஒரே எண். மடிப்பு என்பது எண்களுக்கிடையிலான வித்தியாசம். வித்தியாசம் போனால் அர்த்தம் போயிற்று என்பதை அமைப்பியல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்பருத்திப் பூவைப் படமெடுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இதழ்களெல்லாம் சேர்ந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

எங்கே தொலைகிறது இது? 'கேமரா பார்த்த நிறம்' என்று ஒன்று நாம் நினைக்கும் அர்த்தத்தில் இல்லை. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களுக்கு அடிப்படை. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் அளக்கும். நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மீதி இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பப்படுகின்றன. ஆக, படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். அதற்குமேல் கேமராவின் மென்பொருள் வானத்தை வானமாக, முகத்தை முகமாக அடையாளம் கண்டு அதது 'அழகாக' இருக்கும்படி ஏற்றி இறக்குகிறது. கடைசியில், பெரும்பாலும், 1996இல் கணினித் திரைகளை மனதில் வைத்து வகுக்கப்பட்ட ஒரு நிற எல்லைக்குள் அடைக்கிறது. எனாமல் நீலம் அந்த எல்லைக்கு வெளியே போனால் வேலியோரத்தில் வந்து அமுங்கிவிடும்.

பிறகு படம் செல்போனிலிருந்து செல்போனுக்குப் போகிறது. 1992இல் தரநிலையான ஜேபெக் முறையில், பரவலான வழக்கப்படி, நான்கு புள்ளிகளுக்கும் வெளிச்ச அளவு தனித்தனியாக எழுதப்படும். நிறம் நான்குக்கும் சேர்த்து ஒரே தடவை. மனிதக் கண் நிறத்தின் நுணுக்கத்தைவிட வெளிச்சத்தின் நுணுக்கத்தைத்தான் கூர்மையாகப் பிடிக்கும் என்பதால் இந்தச் சிக்கனம். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் கறுப்பு வெள்ளை உடம்பு, நிறம் உடுப்பு என்ற பழைய படிநிலை கோப்பின் எலும்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மெல்லிய கம்பிமேல் கோட்டின் நீலம் கசிந்து தெரிந்ததற்கு இதுவே காரணம்.

வில்லெம் ஃப்ளுஸர் 1983இல் எழுதியது இங்கே உதவுகிறது. கேமரா ஒரு நிரல். அமெச்சூர் அந்த நிரலை ஆடித் தீர்ப்பவர் என்கிறார் அவர். அந்தப் பளீர் நீலம் தம்பியின் தேர்வு இல்லை, நிறுவனத்தின் தேர்வு. அதைக் குறைத்த சாம்பலும் அவர் தேர்வு இல்லை, எங்கள் கூட்டத்தின் தேர்வு. இரண்டு ரசனைகளும் தம்பியின் தலைக்குமேல் கைகுலுக்கிக்கொண்டன. வர்ணக்காரரின் பேச்சுதான் அவர் கையில் எதையோ திருப்பிக் கொடுத்தது. தம்பி மறுபடி போனார். செல்போனின் ஏற்றல் வேலைகளை அணைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பிடித்து எடுத்தார். கோட்டு முன்னைவிட ஆழ்ந்த நீலம். மடிப்பு இருந்தது, பேனா இருந்தது, கம்பியின் நிழல் கோட்டின்மேல் விழுந்திருந்தது. கூண்டும் நீலமும் இப்போது ஒரே படத்துக்குள் இருந்தன.

ஆகவே கருத்துக் கேட்பவர் 'எப்படி இருக்கு' என்று கேட்பதை விட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்விக்கு மதிப்பெண்தான் பதிலாக வரும். 'மொதல்ல கண்ணு எங்க போச்சு? எது தெரியல?' என்று கேட்கலாம். படத்தைச் சுருக்காமல் மூலக் கோப்பாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் சுருங்கிய கோப்பின் நிறத்துக்குத்தான் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும்விட, படத்தில் இருப்பதைத் தொட்டுப் புழங்கியவரிடம், சாயம் போட்டவரிடம், சேலையை உடுத்தியவரிடம் காட்ட வேண்டும். கருத்துச் சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'குறை' என்று சொல்வதற்கு முன்னால், குறைத்தால் எது திரும்பி வரும், எது போய்விடும் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். எதுவும் திரும்பி வராது, தன் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது மட்டும்தான் என்றால், 'இது என் ருசி' என்று சொல்லிவிட்டுப் பேசலாம். அதில் குற்றமில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு பொறி இருக்கிறது. ரகுபீர் சிங், 1998இல் வந்த தன் தொகுப்பின் முன்னுரை வரை, நிறம் இந்தியப் பார்வையின் இயல்பு, கறுப்பு வெள்ளை மேற்கின் மனநிலை என்ற திசையில் வாதாடினார். வண்ணத்தைக் கொச்சை என்றவர்களுக்கு அது வலுவான பதில். ஆனால் 'இந்தியாவின் நிறம்' என்று மொத்தமாகப் பேசினால் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் கதவைத் தட்டும். தலைப்பாகையும் மஞ்சள்தூளும் சேரிச் சுவரும் ஒரே வண்ணக்களஞ்சியமாகிவிடும். நீலத்தைச் சாம்பலாக்குவது போலவே நீலத்தை 'இந்திய வண்ணம்' ஆக்குவதும் அதன் பேச்சை வாயடைப்பதுதான். நிறங்களுக்கு ஊர் உண்டு, தெரு உண்டு.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. இதுவரை படமெடுக்கப்பட்டவர்கள் இப்போது படமெடுக்கிறார்கள். அவர்கள் முதல் தடவையாக ஒரு படத்தை நீட்டிக் கருத்துக் கேட்கும்போது நாம் சொல்லும் ஒற்றை வாக்கியம், அடுத்து அவர்கள் எதைப் படமெடுப்பார்கள், எதைக் கூசிக் கைவிடுவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மடிப்பு தெரியலை என்று சொன்னால் மறுபடி போய் எடுப்பார்கள். கலர் ஜாஸ்தி என்று சொன்னால் அந்தத் தெருவையே எடுக்காமல் விட்டுவிடவும் கூடும்.