‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த மேசை

மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை உருவாகும் அறைக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடுகள் பல. தலையுறை, காலுறை, வடிகட்டிய காற்று, ஈரப்பத அளவு என எல்லாமே கண்காணிக்கப்படும். அத்தனை கவனத்தில் உருவான மாத்திரை, லாரியில் ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு மேசையைக் கடக்கிறது. அங்கே இருப்பவை ஒரு கணினி, ஒரு லேபிள் அச்சுப்பொறி, ஒரு பார்கோடு ஸ்கேனர். இருப்பவர்கள் இரண்டு பணியாளர்கள். சிறு பெட்டிகளை எண்ணிப் பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி அனுப்புவது அவர்கள் வேலை. 500 மில்லிகிராம் மாத்திரைகளுக்கு நடுவே 650 மில்லிகிராம் பெட்டி ஒன்று கலந்துவிடுவதும், ஒரு பேட்ச் சரக்கின்மேல் மற்றொரு பேட்சின் லேபிள் ஏறிவிடுவதும் இங்கே நிகழக்கூடியவை. இதற்கு மேல் அந்தத் தவற்றைத் தடுக்க வழியில் வேறு எவரும் இல்லை.

இமாசலப் பிரதேசத்தின் பத்தி, குஜராத்தின் அங்கலேஷ்வர், தெலங்கானாவின் ஐதராபாத் ஆகிய இடங்களில் பெருநிறுவனங்களோடு சிறு, நடுத்தர மருந்து நிறுவனங்களும் இயங்கிவருகின்றன. மருந்து விதிகளின் எச்2 அட்டவணையில் இடம்பெற்ற 300 பிராண்டுகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், உரிம எண் உள்ளிட்ட விவரங்கள் அதில் அடங்கியிருக்க வேண்டும். இதனால் ஸ்கேனர் வாங்காத மருந்து நிறுவனம் அரிதாகிவிட்டது. ஆயினும் ஸ்கேனரை வாங்குவது வேறு. ஸ்கேனர் மேசையை அமைப்பது வேறு.

கணினியில் செருகப்பட்ட ஸ்கேனர், அடிப்படையில், மிக வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒரு விசைப்பலகைதான். சரியான பெட்டியைக் காட்டினாலும் ‘பீப்’ என்று ஒலிக்கும். தவறான பெட்டியைக் காட்டினாலும் அதே ‘பீப்’ ஒலிதான். கோடுகளைப் படித்துவிட்டேன் என்பதே அந்த ஒலியின் பொருள். பெட்டி சரியானது என்பதன்று. பணியாளரோ நாளடைவில் அந்த ஒலியையே ஒப்புதலாகக் கொள்ளத் தொடங்கிவிடுவார். மேசையை அமைப்பவர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, தவறான பெட்டி வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்ல அதற்குக் கற்பிப்பதே.

கோடுகள் சொல்வது என்ன?

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு படிக்கப்பட்டது. கடை விற்பனையில் அவ்வகைக் குறியீட்டின் தொடக்கம் அது. இன்று நாம் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் காணும் 13 இலக்க எண் அதன் வழிவந்ததே. 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த எண் ஜிஎஸ்1 இந்தியா நிறுவனம் வழியாகப் பெறப்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் எங்கே உருவானது என்பதைக் காட்டாது.

பதின்மூன்றாவது இலக்கம் ஒரு காவல் இலக்கம். எடுத்துக்காட்டாக 890123456789 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 130 வரும். அதை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவைப்படும் எண்ணே காவல் இலக்கம். இங்கே அது சுழியம். ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு உதைக்கும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் 1, 6 போல ஐந்து வேறுபாடுள்ள இலக்கங்கள் இடம் மாறினால் கண்டுபிடிக்காது. ஆகவே கையால் எண்ணைத் தட்டச்சு செய்ய இடம் கொடுக்கும் மேசையில், காவல் இலக்கத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

பேட்ச் எண்ணும் காலாவதி நாளும் தேவைப்படும் இடத்தில் இந்த 13 இலக்கங்கள் போதா. அதற்கென ஜிஎஸ்1 முறையில் முன்னொட்டு எண்கள் உள்ளன. 01 என்றால் பின்வருவது பொருளின் 14 இலக்க எண். 17 என்றால் காலாவதி நாள், ஆறு இலக்கம். 10 என்றால் பேட்ச் எண். 21 என்றால் அப்பெட்டிக்கே உரிய வரிசை எண். முதல் இரண்டும் நீளம் மாறாதவை. பேட்ச் எண்ணும் வரிசை எண்ணும் இருபது எழுத்து வரை எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். எனவே பேட்ச் எண் எங்கே முடிகிறது என்று காட்ட, கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி ஒன்று குறியீட்டினுள் பொதிக்கப்பட்டிருக்கும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. விசைப்பலகை போல இயங்கும் ஸ்கேனர் அந்தப் பிரிப்புக்குறியைக் கணினிக்கு அனுப்பாமல் விழுங்கிவிடுவதுண்டு. பேட்ச் எண் 4512, வரிசை எண் 7788 என்று கொள்வோம். பிரிப்புக்குறி போய்விட்டால் மென்பொருளுக்கு வந்து சேர்வது 104512217788. மென்பொருள் இதை எப்படிப் படிக்கும்? பேட்ச் எண் 4512217788 என்று. எங்கும் பிழைச் செய்தி வராது. நாள்தோறும் வேலை நடந்துகொண்டேயிருக்கும். ஆறு மாதம் கழித்து 4512 பேட்சைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தால், எந்த எந்த மருந்துக்கடைக்குப் போயிற்று என்று பதிவேட்டில் தேடுவார்கள்; அப்படியொரு பேட்ச் அனுப்பப்பட்டதற்கான தடயமே இராது. ஸ்கேனரின் அமைப்பில், பிரிப்புக்குறிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியை அனுப்பு என்று கட்டளையிட்டால் இதைத் தவிர்க்கலாம். லேபிளை வடிவமைக்கும்போது நீளம் மாறாதவற்றை முன்னும் மாறுபவற்றைப் பின்னும் வைப்பதும் நல்லது.

மேசையும் வெளிச்சமும்

பொருளைக் கையில் எடுத்துக் காட்டும் வேலைக்கு, ஸ்கேனரை ஒரு தாங்கியில் நிலையாகப் பொருத்துவதே ஏற்றது. இரு கைகளும் பெட்டிக்குக் கிடைக்கும். நேர் செங்குத்தாகப் பொருத்தினால் பளபளக்கும் அட்டையிலிருந்து ஒளி அப்படியே திரும்பி ஸ்கேனரின் கண்ணைக் கூசச் செய்யும். ஏறத்தாழ 15 பாகை சாய்த்து வைத்தால் அத்தொல்லை குறையும். சன்னல் வெயில் மேசையில் விழுமானால் திசையை மாற்றிவிடுங்கள். காலையில் நன்றாக இயங்கிப் பிற்பகலில் தடுமாறும் மேசைகளின் மர்மம் சில வேளைகளில் இவ்வளவுதான்.

பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியால் படிப்பவை. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சிட்ட கோடுகள் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அவற்றுக்குத் தெரியா. சிவப்பு ஒளியில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றே. அட்டைப்பெட்டியின் அழகைத் தீர்மானிக்கும் விளம்பரப் பிரிவினருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். கோடுகளின் இருபுறமும் உள்ள வெள்ளை ஓரத்தைப் பிறர் ஆக்கிரமிக்காமல் காப்பதும் அதே உரையாடலில் முடிய வேண்டியது.

லேபிள் அச்சுப்பொறியின் தலையில் நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று எரிந்துபோனால் லேபிளின் நெடுக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கோடுகள் தாள் நகரும் திசையிலேயே நின்றால் அந்த வெள்ளைக் கோடு ஒரு கருங்கோட்டையே தின்றுவிடும். லேபிளைக் கால் திருப்பம் திருப்பி வடிவமைத்தால் எல்லாக் கோடுகளையும் குறுக்கே மெலிதாகக் கீறுவதோடு நின்றுவிடும், குறியீடு படிக்கப்பட்டுவிடும். செலவில்லாத காப்பீடு இது.

காகிதத்தால் கட்டளையிடுதல்

ஸ்கேனரை நிரலாக்கம் செய்ய அதனுடன் வரும் கையேடே கருவி. அதன் பக்கங்களில் அச்சாகியுள்ள பார்கோடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேனருக்குக் காட்டினால் அவை தரவாகப் பதிவாகாமல் கட்டளையாக ஏற்கப்படும். முதலில் ‘தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு’ என்னும் கட்டளை. முன்பு யார் என்ன மாற்றியிருந்தாலும் அழிந்துவிடும். பிறகு இணைப்பு முறை: விசைப்பலகை முறையா, தொடர் முறையா என்பது. ஒவ்வொரு படிப்பின் முடிவிலும் ‘என்டர்’ விசையைச் சேர்த்து அனுப்பு என்பது அடுத்தது.

விசைப்பலகை முறை எளிது. ஆனால் கணினியில் இந்தி அல்லது தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால், பேட்ச் எண்ணிலுள்ள ஆங்கில எழுத்துகள் அம்மொழி எழுத்துகளாகப் பதிவாகக்கூடும். யாரோ மின்னஞ்சல் எழுத வேறு சாளரத்தைத் திறந்து வைத்திருந்தால் மருந்தின் எண்கள் அந்த மின்னஞ்சலுக்குள் போய்விழும். தொழிற்கூட மேசைக்கு, ஸ்கேனர் நேரே உங்கள் மென்பொருளோடு மட்டும் பேசும் தொடர் முறையையே பரிந்துரைப்பேன். அமைப்பதற்கு அரைநாள் கூடுதலாகும். அதற்கு அது தகும்.

உங்களுக்குத் தேவையில்லாத குறியீட்டு வகைகளை அணைத்துவிடுவது அடுத்த வேலை. பெரிய பெட்டிகளில் காணப்படும் ஐடிஎஃப்-14 போன்ற வகையில், ஸ்கேனரின் கதிர் சாய்வாக விழுந்தால் பாதி எண்ணையே முழு எண்ணாகக் கொள்ளும் இடர் உண்டு. 14 இலக்கம் இல்லாத எதையும் ஏற்காதே என்று நீளத்தை நிலைப்படுத்துவதே அதற்கு மாற்று. இத்தனை கட்டளைகளையும் வரிசையாக ஒரே தாளில் அச்சிட்டு, நெகிழியுறையிட்டு மேசையருகே தொங்கவிடுங்கள். இரவுப் பணிநேரத்தில் ஸ்கேனர் பழுதானால், பொறியாளர் வரும்வரை காத்திராமல் மாற்று ஸ்கேனரைப் பணியாளரே சில நிமிடங்களில் ஆயத்தம் செய்துகொள்வார்.

ஒப்பிடுதல்

இனி மென்பொருள். பணி தொடங்குமுன் மேற்பார்வையாளர் அன்றைய பணி ஆணையைத் திறப்பார்: எந்த மருந்து, எந்த பேட்ச், பெரிய பெட்டிக்கு எத்தனை சிறு பெட்டி. அதன்பின் காட்டப்படும் ஒவ்வொரு பெட்டியும் அந்த ஆணையோடு ஒப்பிடப்படும். பொருந்தினால் பச்சை விளக்கு, எண்ணிக்கையில் ஒன்று கூடும். பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கு, மாறுபட்ட ஒலி, மேசை பூட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளர் வந்து தம் அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அவர் அடிக்கடி நடக்க நேர்வதால் அந்த அட்டையையே மேசையோரம் ஒட்டிவைத்துவிட்டுப் போவதும் தொழிற்கூடங்களுக்குப் புதிதன்று. பூட்டு திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் நேரமும் காரணமும் பதிவாகட்டும். ஒரே நிமிடத்தில் பூட்டித் திறக்கும் பதிவுகள் வரிசையாக வந்தால் அட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

மற்றொரு குறுக்குவழியும் உண்டு. நல்ல பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே 50 முறை காட்டிவிட்டு, மற்ற 49 பெட்டிகளைப் பார்க்காமலே அடுக்குவது. பணியாளரைக் குறை கூறிப் பயனில்லை; மணிக்கு இத்தனை பெட்டி என்று இலக்கு வைத்தது நிர்வாகம்தானே. பெட்டிதோறும் தனி வரிசை எண் இருந்தால், வந்த எண்ணே மீண்டும் வரும்போது மேசை மறுத்துவிடும். வரிசை எண் இல்லாத சரக்காயின், மேசையில் ஒரு மின்னணுத் தராசை இணையுங்கள். நிரம்பிய பெட்டியின் எடை குறித்த எல்லைக்குள் இருந்தால்தான் லேபிள் அச்சாகும். ஒட்டிய லேபிளையும் ஒருமுறை ஸ்கேனருக்குக் காட்டிய பின்பே அடுத்த பெட்டி தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு படிப்பும் அந்தக் கணமே தரவுத்தளத்தில் எழுதப்பட வேண்டும். பெட்டி நிரம்பியபின் எழுதலாம் என்று வைத்தால், மின்சாரம் போகும்போது பாதிப் பெட்டியின் கணக்கும் போகும். பதிவை எக்செல் தாளில் கொட்டி வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதில் எண்ணின் முன்னால் நிற்கும் சுழியம் மறைந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். பெரிய பெட்டிகளுக்கு இடப்படும் 18 இலக்க எண்களில் கடைசி மூன்றும் இவ்வாறு அழிந்தால், பல பெட்டிகள் ஒரே எண்ணுடையனவாகத் தோன்றும். அந்தப் பத்தியை முன்கூட்டியே ‘எழுத்து’ வகையாக அமைத்துவிட்டால் இச்சிக்கல் இல்லை.

வங்கியில் ரொக்கக் கடன் வசதி பெற்றுள்ள தொழில் முனைவோருக்கு இந்தப் பதிவுகளால் மற்றொரு பயனும் உண்டு. சரக்கிருப்பு அறிக்கையின் அடிப்படையிலேயே எவ்வளவு வரை பணம் எடுக்கலாம் என்பது கணக்கிடப்படுகிறது; காலாவதியான சரக்கு அதில் சேராது. காலாவதி நாளோடு பெட்டி பெட்டியாகப் பதிவு இருக்குமானால், மாத இறுதியில் கிடங்கில் தாளும் பென்சிலுமாக அலைய வேண்டியதில்லை. தணிக்கையாளர் ஏதேனும் ஒரு பெட்டியைச் சுட்டிக்காட்டிக் கேட்டாலும் அதன் பேட்சும் உள்ளே வந்த நாளும் திரையில் தெரியும். நான்கு மாதத்தில் காலாவதியாகப் போகும் சரக்கை முன்கூட்டியே அறிந்து விற்பனைப் பிரிவிடம் சொல்லவும் முடியும்.

மேசை ஆயத்தமானவுடன், சரியான பெட்டிகளை வரிசையாகக் காட்டி எல்லாம் பச்சை எரிவதைக் கண்டு மகிழ்வது இயல்பு. அது சோதனை ஆகாது. வேறு பேட்சின் பெட்டி ஒன்று, காலாவதியான பெட்டி ஒன்று, ஏற்கெனவே எண்ணப்பட்ட பெட்டி ஒன்று, கோடு கீறப்பட்ட லேபிள் ஒன்று, பக்கத்துக் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் ஒன்று என ஒரு சிறு தொகுப்பைச் சேர்த்து, ‘சோதனைக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதி, பூட்டிய இழுப்பறையில் வையுங்கள். ஒவ்வொரு பணிநேரமும் தொடங்குமுன் அந்த ஐந்தையும் மேசைக்குக் காட்ட வேண்டும். ஐந்துக்கும் சிவப்பு எரிந்தால் வேலையைத் தொடங்கலாம். ஒன்றுக்குப் பச்சை எரிந்தாலும், அதன் காரணம் தெரியும்வரை அன்றைய லாரி வாயிலைத் தாண்டக்கூடாது.