மேடையும் இசைத்தட்டும்: யப்பானிய என்காவும் நாகூர் ஹனிபாவின் பாடல்களும்

நாட்டார் பாடல் பழமையினால் மதிப்புப் பெறுகின்றது. கவிதை நூலுருவினால் மதிப்புப் பெறுகின்றது. இசைத்தட்டிலே பிறந்து வானொலியிலே வளர்ந்த வெகுசனப் பாடலோ நமது தமிழாய்வில் அரிதாகவே இடம்பெறுகின்றது. ஆயினும் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை முதலிய கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில், கலியாண வீட்டு ஒலிபெருக்கியினூடாகவும் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையினூடாகவும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட குரல் நாகூர் ஈ. எம். ஹனிபாவுடையது. எழுத்தறியாதாரையும் எட்டிய இக்குரலின் சமூகப் பொருள் யாது? இவ்வினாவை அணுகுவதற்கு, 'என்கா' எனப்படும் யப்பானிய வெகுசனப் பாடலின் வரலாறு நல்லதோர் ஒப்புநோக்காக அமைகின்றது.

என்கா என்றதும் இன்று நினைவுக்கு வருவன துறைமுகம், மழை, மதுச்சாலை, பிரிந்த காதல், விட்டுவந்த ஊர் ஆகியனவே. 1989 இல் மறைந்த மிசோரா ஹிபாரி இவ்வகைப் பாடல்களின் தலையாய பாடகியாகப் போற்றப்படுபவர். ஆனால் இச்சொல்லின் தொடக்கப் பொருள் வேறு. யப்பானிய மொழியில் 'என்செட்சு' சொற்பொழிவையும், 'கா' பாட்டையும் குறிக்கும். 1880களில் மக்கள் உரிமை இயக்கத்தினர் நடத்திய அரசியற் கூட்டங்களை மெய்ஜி அரசு ஒடுக்கியபோது, பேச இயலாதவற்றை அவர்கள் தெருவில் நின்று பாடினர். பாட்டு அச்சிட்ட தாள்களை விற்றுப் பிழைத்த தெருப்பாடகர் கூட்டமொன்றும் தோன்றியது. சொயேதா அசெம்போ (1872–1944) அவர்களுள் புகழ்பெற்றவர். ஆகவே, என்கா தொடக்கத்திலே பாடப்பட்ட மேடைப்பேச்சாகும்.

1920களின் இறுதியில் இசைத்தட்டுத் தொழில் யப்பானில் வேரூன்றியது. கோகா மசாவோ இசையமைத்து 1931 இல் வெளிவந்த பாடலொன்றின் தலைப்பு, மது என்பது கண்ணீரா, பெருமூச்சா என வினவுவதாகும். மேடையின் இடத்தைத் தனிமனிதத் துயர் பெற்றுக்கொண்டமைக்கு இத்தலைப்பே சான்று பகரும். இசையமைப்பிலும் ஒரு பொதுமை ஏற்பட்டது. மத்திமமும் நிஷாதமும் நீங்கிய ஐந்து சுரங்களிலேயே இப்பாடல்கள் பெரும்பாலும் அமைந்தன. இவ்வமைப்பின் ஒரு வகை நமது மோகனத்தை ஒத்தது. துயரத்திற்குரிய மற்றொரு வகை, தைவதம் மட்டும் தாழ்ந்த சிவரஞ்சனி போன்றது.

யப்பானிய முற்போக்கு அறிஞர் பலர் இத்தகைய பாடல்களைப் பிற்போக்கானவை என ஒதுக்கினர். 1960களின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. உழைக்கும் மக்களின் குரலை அவற்றிலே கேட்ட ஒரு சாரார் அவற்றுக்குப் புதுமதிப்பு அளித்தனர். இசைத்தட்டு நிறுவனங்களோ அவற்றை 'யப்பானின் இதயம்' என விற்பனை செய்தன. என்காவைத் தொன்மையான தேசிய மரபாகக் கருதும் எண்ணம் இக்காலத்திலேயே உருவாக்கப்பட்டது என்பதை வஜிமா யூசுகே 2010 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். புறக்கணிப்பும் வழிபாடும் ஆகிய இரண்டுமே ஆய்வுக்குத் தடையாவன என்பது இதனாற் பெறப்படும்.

இப்பின்னணியில் ஹனிபாவை (1925–2015) நோக்குவோம். அவரும் மேடையிலிருந்து வந்தவரே. 'அழைக்கின்றார் அண்ணா', 'ஓடி வருகிறான் உதயசூரியன்' ஆகிய பாடல்களால் திராவிட முன்னேற்றக் கழகத்தின் கூட்டங்களுக்கு மக்களைத் திரட்டியவர்; தமிழ்நாடு சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். அதே குரலே இஸ்லாமிய பக்திப் பாடல்களையும் இசைத்தட்டுக்களில் வழங்கியது. யப்பானில் இசைத்தட்டு வந்ததும் மேடை பின்வாங்கியது. ஹனிபாவிடத்திலோ மேடை பக்திக்குள்ளும் புகுந்தது.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் புகழ்பெற்ற பாடலின் தலைப்பை இவ்வகையில் நோக்கலாம். இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் முனாஜாத்து என்பது இறைவனை முன்னிலைப்படுத்தி அடியான் இரந்து கேட்பது. இங்கோ முன்னிலையில் இருப்பவர் மக்கள். 'ஏந்துங்கள்' என்னும் பன்மை ஏவல், கூட்டத்தை நோக்கிப் பேசும் சொற்பொழிவாளனின் மொழியாகும். இறைஞ்சுதல் இங்கே அழைப்பாக மாறியுள்ளது. 'இறைவன்' என்னும் பொதுச்சொல்லும் அவ்வழைப்பை விரிவாக்குகின்றது. முஸ்லிம் அல்லாதாரும் இப்பாடலை விரும்பிக் கேட்டமைக்கு இது ஒரு காரணம் எனலாம். நீண்டு ஒலிக்கும் அவரது உச்சக் குரலும், ஒவ்வொரு சொல்லையும் தெளிவுற நிறுத்தும் உச்சரிப்பும் மேடையின் தேவைகளோடு இயைந்தவை.

இனி, இப்பாடல்கள் வந்துசேர்ந்த இடத்தை நோக்குதல் வேண்டும். அட்டாளை என்பது பயிர்காவலுக்கு அமைக்கும் உயர்ந்த பரண். சேனை என்பது காடு வெட்டிச் செய்யும் பயிர்நிலம். ஊர்ப்பெயரே வேளாண்மை வாழ்வைச் சுட்டுகின்றது. வயற்காவலின்போது பரணிலிருந்து பாடப்பட்ட கவிகள் இப்பிரதேச முஸ்லிம்களின் வாய்மொழிச் செல்வங்கள். எம். ஏ. நுஃமான், எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றின் சிறப்பை உலகறியச் செய்தனர். நாலடிகளில் அமைந்த இக்கவிகளிற் பல, காதலன் கூற்றும் காதலி கூற்றுமாக மாறிமாறி வருபவை. பெண்ணின் ஏக்கமும் ஏளனமும் சினமும் அவற்றிலே தடையின்றி வெளிப்பட்டன. என்காவின் பிரிவுத்துயரைத் தேடுபவர் அதனை நம்மிடையே இக்கவிகளிலேயே காண்பர்.

ஒலிபெருக்கி வழங்கிய பாடல் இக்கவியினின்று அடிப்படையில் வேறுபட்டது. ஒரு கவிக்கு எதிர்க்கவி கட்டலாம். இசைத்தட்டுக்கு எதிர்க்கவி கட்டுதல் இயலாது. அது கடல் கடந்த தமிழ்பேசும் முஸ்லிம்களை ஒரே கேட்போர் கூட்டமாக இணைத்தது. தமிழை வழிபாட்டுணர்வின் மொழியாகப் பொதுவெளியில் நிலைநிறுத்தியது. அதே வேளையில், பாடுவோராயிருந்த மக்களைக் கேட்போராக மாற்றியது. நாகூரிலிருந்து வந்த ஆண்குரல் ஓங்கியபோது ஊர்ப்பெண்ணின் குரல் ஏட்டிலே தொகுக்கப்படும் பொருளாயிற்று. வேளாண்மையில் ஏற்பட்ட மாற்றங்களும் இதற்குக் காரணமாயின; பழியை ஒரு பாடகர்மீது சுமத்துதல் தகாது. எனினும் இப்பேறும் இழப்பும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள் என்பதை மறத்தலாகாது.

ஆகவே, நமது ஆய்வு பாடலின் சொற்பொருளோடு அமைந்துவிடுதல் போதாது. யாருக்காக, எம்மேடையில், எக்கருவியின் மூலம் பாடப்பட்டது என்பனவும் வினாக்களாதல் வேண்டும். கிழக்கிலங்கையில் பழைய இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் திரட்டுதலும், கவியையும் ஒலிபெருக்கியையும் ஒருங்கே கேட்ட முதியோரின், குறிப்பாகப் பெண்களின், நினைவுகளைப் பதிவுசெய்தலும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகள். அவர்தம் வாழ்நாளிலேயே அவை நிறைவேறுதல் வேண்டும்.