போனேன், போவேன்: திண்டுக்கல்லில் ஸ்பானிஷ் இறந்தகாலம்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குகிற நம்மவர்கள் நிகழ்காலம் வரை சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். இறந்தகாலம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. காரணம், அந்த மொழியில் அன்றாடம் புழங்கும் இறந்தகாலம் இரண்டு. ஒரு செயலை முடிந்த கணக்காகச் சொல்வது ஒன்று. அது நடந்துகொண்டிருந்ததாகவோ, வழக்கமாக நடந்ததாகவோ சொல்வது இன்னொன்று. எதை எங்கே போடுவது என்று இங்கிலீஷ் வழியாக யோசித்தால் குழப்பம்தான். தமிழ் வழியாக யோசித்தால் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும் என்பது என் கட்சி.

ஊர் சுற்றிவிட்டு வந்தவர் பேசுவதெல்லாம் இறந்தகாலம்: போனோம், பார்த்தோம், சாப்பிட்டோம். அதனால் ஒருநாள் திண்டுக்கல் பயணத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும் மற்ற இடங்களைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். சொல்லின் முதலில் வரும் ப-வை ‘பஸ்’ என்னும்போது வரும் ப-வாகப் படியுங்கள்.

முதலில் மலைக்கோட்டை. மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறவேண்டும். ஏறுவதற்கு ஸ்பானிஷில் ‘சுபீர்’. ஏறினேன் என்றால் ‘சுபீ’, ஏறினாய் ‘சுபீஸ்தெ’, ஏறினார் ‘சுபியோ’, ஏறினார்கள் ‘சுபியேரொன்’. தமிழைப் போலவே யார் ஏறியது என்பது விகுதியில் இருக்கிறது. நாம் “நேத்து கோட்டைக்கு ஏறினேன்” என்கிறோம், ‘நான்’ தேவைப்படுவதில்லை. அவர்களும் ‘நான்’ என்பதற்கான ‘யோ’வை விட்டுவிட்டு ‘அயேர் சுபீ’ என்பார்கள். அயேர் என்றால் நேற்று. இங்கிலீஷ் பழக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ’ போடுகிறவர்களை முதல் நாளிலேயே நிறுத்தச் சொல்லவேண்டும்.

நடப்பதற்கு ‘கமினார்’. இங்கே அழுத்தம் ஆளையே மாற்றிவிடும். ‘கமீனொ’ என்றால் நடக்கிறேன். ‘கமினோ’ என்றால் அவர் நடந்தார். குறிலும் நெடிலும் மாறினால் பொருள் மாறும் மொழியில் வளர்ந்த காதுக்கு இது கஷ்டமில்லை. ஆனால் ஒரு இடத்தில் விழிப்பு வேண்டும். ஏறுகிறோம் என்பதற்கும் ஏறினோம் என்பதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தான், ‘சுபீமொஸ்’. நாள் குறிப்பைச் சேர்த்துச் சொல்வதே வழி: ‘அயேர் சுபீமொஸ்’, நேற்று ஏறினோம்.

இனி அடுத்த இறந்தகாலம். உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். “சின்ன வயசுல தாத்தாகூட ஞாயித்துக்கிழமைன்னா கோட்டைக்குப் போவேன். தாத்தா பூட்டு செய்வார்” என்பார். போவேன், செய்வார். வடிவம் எதிர்காலம், சொல்வதோ ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினையை எடுத்துக்கொள்கிறோம், யாரும் குழம்புவதில்லை. இந்தப் ‘போவேன்’ ஸ்பானிஷில் ‘ஈப’. ‘செய்வார்’ என்பது ‘அசீய’. ஒருமுறை போனால் ‘ஃபுய்’, வழக்கமாகப் போனால் ‘ஈப’. ஒரு பூட்டைச் செய்து முடித்தால் ‘ஈசொ’, பூட்டுச் செய்வதே பிழைப்பாக இருந்தால் ‘அசீய’. (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள், கனம் தெரியும்.)

ஆக, போனேன் என்று வந்தால் முதல் வடிவம். போவேன், போய்க்கொண்டிருந்தேன் என்று வந்தால் இரண்டாவது வடிவம். ‘போவேன்’ என்ற உருவத்தைப் பார்த்து ஸ்பானிஷ் எதிர்காலத்துக்குப் போய்விடாமல் இருந்தால் போதும். இரண்டாவது வடிவத்தில் ஒரு சலுகையும் உண்டு. முறை மாறும் வினைகள் மொத்தமே மூன்று: போவதற்கான ‘ஈப’, இருப்பதற்கான ‘ஏர’, பார்ப்பதற்கான ‘பெயீய’. மற்றதெல்லாம் ஒழுங்கு: கமினாப, சுபீய, கொமீய. முதல் வடிவத்தில்தான் முரண்டு பிடிக்கும் வினைகள் அதிகம். நட நடந்தேன் ஆகிறது, காண் கண்டேன் ஆகிறது, போ போனேன் ஆகிறது என்று யாரும் நமக்கு அட்டவணை போட்டுச் சொல்லித்தரவில்லை. அந்த ஸ்பானிஷ் வினைகளையும் வாக்கியமாகச் சொல்லிச் சொல்லித்தான் பழகவேண்டும்.

சிறுமலைக்குப் போகும் வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். “இறங்கும்போது மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு” என்கிறோம். பெய்துகொண்டிருந்தது பின்னணி, அது ‘யொபீய’. இறங்கினோம் நிகழ்ச்சி, அது ‘பஹாமொஸ்’. சேர்த்தால் ‘யொபீய க்வான்தொ பஹாமொஸ்’. ஒரு கதையில் இரண்டு வடிவமும் கலந்து வருவது இப்படித்தான்.

பலர் சறுக்கும் இடத்துக்கு வருவோம். நீண்டகாலம் நடந்தது என்றால் இரண்டாவது வடிவம் என்று ஒரு தவறான விதி உலவுகிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்து விருப்பாட்சியில் வைத்து இதைப் பார்க்கலாம். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் எட்டு ஆண்டுகள் விருப்பாட்சியில் இருந்தார். எட்டு ஆண்டு நீண்ட காலம்தான். ஆனாலும் ‘பிபியோ ஓச்சொ ஆன்யொஸ்’ என்று முதல் வடிவமே வரும், ஏனென்றால் தொடக்கமும் முடிவும் அளந்தாகிவிட்டது. அதே வாழ்வை வேறு மாதிரி சொல்லிப்பாருங்கள்: விருப்பாட்சியில் இருந்தபோது ஹைதர் அலியிடம் உதவி தேடினார். இப்போது இருந்தது பின்னணியாகிவிட்டது: ‘மியேன்த்ரஸ் பிபீய என் விருப்பாட்சி, புஸ்கோ அயூத’. ஆளும் இடமும் ஆண்டுகளும் அவையே. வினை மட்டும் பிபியோ, பிபீய என்று மாறுகிறது. காலத்தின் நீளத்துக்கு இதில் வேலையில்லை. முழுதாக அளந்து காட்டுகிறோமா, உள்ளே நின்று காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

ஹைதர் அலி பெயர் வந்துவிட்டதால் பேகம்பூருக்கும் ஒரு நடை. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்கு வந்தவர் அவர். வந்தார், ‘யெகோ’. பேகம்பூரில் பள்ளிவாசல் கட்டினார், ‘கொன்ஸ்த்ருயோ’. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை அங்கே இருக்கிறது. பேகம்பூர் என்ற பெயர் வந்ததும் அந்தப் பேகத்தால்தான். ஆண்டோடு வரும் வரலாற்றுச் செய்திகள் அநேகமாக முதல் வடிவத்தில்தான் வரும். 1790-இல் பிரிட்டிஷ் படை கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. முற்றுகை நடந்தது என்பதற்கு ‘ஊபொ’. கோட்டையில் பீரங்கிகள் இருந்தன என்று அந்தக் கால நிலைமையைச் சொன்னால் ‘அபீய’.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘இருந்தது’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். கோட்டை பெரிதாக இருந்தது, பயணம் நன்றாக இருந்தது. முதலாவது வருணனை, அங்கே ‘ஏர’. இரண்டாவது, பயணம் முடிந்தபின் சொல்லும் தீர்ப்பு, அங்கே ‘ஃபுவே’. இந்த ‘ஃபுவே’ போனார் என்பதற்கும் அதே உருவம், ‘ஃபுய்’ போனேன் என்பதற்கும் இருந்தேன் என்பதற்கும் ஒரே உருவம். இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இங்கே மட்டும் ஒரு கணம் நின்று, வருணிக்கிறேனா, முடித்துச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிவதில் நமக்கு மறுபடி லாபம். “அப்பவே எனக்குத் தெரியும்” என்கிறோம். பழைய சங்கதிதான், ஆனால் ‘தெரிந்தது’ என்பதில்லை. அது ‘சபீய’. “அங்க போய்த்தான் தெரிஞ்சுது” என்றால் புதிதாகத் தெரிய வந்தது. அது ‘சூப்பெ’. பல பாடப்புத்தகங்கள் இதைத் தனிப் பாடமாக நடத்தும். நமக்கு அது வீட்டுப் பேச்சு.

பயிற்சிக்கு நான் சொல்வது சின்ன வேலை. மதியம் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டாயிற்று, சாயங்காலம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்த்தாயிற்று. இரவில் அன்றைய நாளை முதலில் தமிழில் சத்தமாகச் சொல்லுங்கள், வீட்டில் பேசும் தமிழில். சொன்ன வினைகளின் வாலை மட்டும் கவனியுங்கள். சாப்பிட்டேன், ‘கொமீ’. பார்த்தேன், ‘பீ’. கூட்டம் வந்துகொண்டே இருந்தது, ‘பெனீய’. தமிழில் எழுதி அகராதியைப் பார்த்து மாற்றுவதைவிட இது வேகம்.

கேட்பவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்சிகோக்காரர் இன்று காலை ஏறியதையும் ‘ஒய் சுபீ’ என்பார். ஒய் என்றால் இன்று. மாட்ரிட்காரர் இன்று நடந்ததை ‘ஒய் ஏ சுபீதொ’ என்று இன்னொரு வடிவத்தில் சொல்வார், மறுநாள் விடிந்தபின் அவரும் ‘அயேர் சுபீ’க்கு வந்துவிடுவார். தொடக்கத்தில் மெக்சிகோ வழியைப் பிடித்துக்கொண்டால் ஒரு வடிவம் மிச்சம். மாட்ரிட்காரருக்கும் அது புரியும்.