காட்டு லெட்டூஸின் அடையாளம் இலையில் இல்லை

பர்கருக்கு நடுவே வைத்துத் தரும் லெட்டூஸையும், ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் சாலையோரத் தரிசுகளில் ஆளுயரம் வளரும் முள் லெட்டூஸையும் அடுத்தடுத்து வைத்தால் உறவென்றே தோன்றாது. ஒன்று முட்டைக்கோசுபோல் உருண்டிருக்கும். மற்றது நீலம் பாய்ந்த பச்சையில் விறைத்து நிற்கும். பிரித்தறிய என்ன சிரமம் என்று கேட்கலாம். தோட்டத்துச் செடியைப் பறிக்காமல் விட்டால் சிரமம் புரியும். வெயில் ஏற ஏற உருண்டை குலைந்து, நடுவிலிருந்து தண்டு எழும்பி, மேலே போகப் போக இலை சிறுத்து, வெளிர்மஞ்சளாய்ப் பூத்து, அதுவும் காட்டுச் செடியின் சாயலுக்கு வந்துவிடும். கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும். லாக்டுகா என்ற பேரினப் பெயரே பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். கசப்பும் கைகொடுக்காது. கசப்புக்குக் காரணமான லாக்டுசின் காட்டினத்தில் கூடுதல் என்பது உண்மை, ஆனால் முற்றிய தோட்டத்து இலையும் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். (அந்தப் பாலை உலர்த்தி 'லெட்டூஸ் அபின்' என்று 19ஆம் நூற்றாண்டு மருந்துக்கடைகளில் விற்றார்கள். அபினோடு அதற்குப் பால்நிறத்தைத் தவிர வேறு உறவில்லை.)

முள்ளைப் பார் என்பதுதான் பலரும் சொல்லும் வழி. காட்டு லெட்டூஸின் இலையைத் திருப்பினால், கண்டங்கத்தரி இலையில் இருப்பதைப்போல, நடுநரம்பின் அடிப்பக்கத்தில் முட்கள் வரிசையாக நிற்கும். நல்ல அடையாளம்தான். காட்டுச் செடிபோலவே தோன்றும் இன்னொரு களையான சோங்கஸுக்கு முள் இலை விளிம்பில் இருக்குமே தவிர நடுநரம்பின் அடியில் வரிசை கட்டாது. நல்ல வெயிலில் வளரும் காட்டு லெட்டூஸின் இலை திருகி, விளிம்பு வடக்கும் தெற்கும் பார்க்கச் செங்குத்தாக நிற்பதும் உண்டு. திசைகாட்டிச் செடி என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் நிழலில் வளர்ந்த செடி அப்படித் திருகாது. முள் மிகக் குறைந்த காட்டுச் செடிகளும் உண்டு. பிளவுபட்ட இலை, பிளவில்லாத இலை இரண்டும் இரு தரப்பிலும் காணப்படும். முள் இருந்தாலே காடு என்று பொதுவாகவும் சொல்ல முடியாது. வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை யாரும் காட்டுச் செடி என்பதில்லை.

பூ உதிர்ந்த பிறகு, விதையைச் சுற்றி நிற்கும் பச்சைக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. காட்டு லெட்டூஸில் விதை முற்றியதும் கிண்ணத்தின் செதில்கள் பின்னோக்கி மடங்கிவிடும். பஞ்சு முளைத்த விதைகள் காற்றோடு போய்விடும். தோட்டத்து லெட்டூஸில் செதில்கள் நிமிர்ந்தே நின்று விதையைப் பிடித்து வைத்திருக்கும். வெடிக்கிற எள்ளை அறுத்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் மதிப்பு விளங்கும். 445 லெட்டூஸ் மாதிரிகளின் மரபணுத் தொகுதியைப் படித்து 2021இல் வெளியான ஆய்வு, காக்கசஸ் பகுதியை ஒட்டிச் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பயிராக்கம் தொடங்கியதாகவும், விதை சிதறாமை அதில் ஆரம்பத்திலேயே வந்த மாற்றம் என்றும் கண்டது. மின் என்ற தெய்வத்தின் அருகே நெட்டை லெட்டூஸைச் செதுக்கிவைத்த பண்டை எகிப்தியர் அதை விதையிலிருந்து கிடைக்கும் எண்ணெய்க்காகவும் வளர்த்தார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மனிதன் முதலில் விரும்பியது விதையை. கையிட்ட தழும்பும் அங்கேதான் ஆழமாக இருக்கிறது.

இலை பறிக்க வந்தவர் விதை முற்றும்வரை காத்திருப்பாரா என்ற கேள்வி நியாயமானது. அவர் முள்ளை வைத்து ஊகிக்கலாம். ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இதைவிடக் கனமான மறுப்பு வேறு. இரண்டுக்கும் குரோமோசோம் 18, தடையின்றிக் கலக்கின்றன, இரண்டும் ஒரே இனம் என்று வாதிடும் தாவரவியலாளர்கள் உண்டு. அடிச்சாம்பல் நோயைத் தாங்குவதற்கான மரபணுக்களைப் பயிர்ப் பெருக்கத்தார் காட்டினங்களிலிருந்தே எடுத்திருப்பதால், கடை லெட்டூஸிலும் காட்டு ரத்தம் ஓடலாம். அப்படியானால் எல்லைக்கோட்டுக்கு என்ன பொருள்? வம்சத்தைக் கேட்டால் கிண்ணம் பதில் சொல்லாதுதான். ஆனால் ஒரு செடி ஆள் துணையின்றித் தன்னை விதைத்துக்கொள்ளுமா என்பதைக் காட்டும். கலப்பில் பிறந்த செடியின் கிண்ணம் மடங்கிவிட்டால், அதன் விதை வேலியைத் தாண்டிவிடும்; அடுத்த வருஷம் அதைச் சாலையோரத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.