வயலுக்கு வரும் ஊசிவால் உள்ளான்

சென்ற ஐப்பசியில் ஒரு நாட்காலை, தோட்டத்து லயத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பறவையொன்றை என் மேசைமீது வைத்தான். பதுளைக்கும் ஹாலிஎலைக்கும் இடையே, வயலோரத்து மின்கம்பியில் அடிபட்டு வீழ்ந்து கிடந்ததாம். “உள்ளான் சேர்” என்றான். உள்ளான்தான். ஆனால் உள்ளான்களிற் பல இனங்கள் உண்டு. இது எது என்று அறிய வேண்டுமாயின் வாலை எண்ண வேண்டும்.

எண்ணினோம். வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்து நின்றது. 26 இறகுகள். நடுவில் உள்ளவை சாதாரண இறகுகளே; இரு ஓரங்களிலும் இருந்தவையோ தையலூசி போல ஒடுங்கி விறைத்து நின்றன. சாதாரண உள்ளானுக்குப் பெரும்பாலும் 14 வாலிறகுகளே உண்டு. ஆகவே எங்கள் விருந்தாளி ஊசிவால் உள்ளான் என்பது உறுதியாயிற்று. இலங்கைக்கு மிகுதியாக வரும் உள்ளானும் இதுவே.

பார்வைக்குப் பெரிய அழகன் அல்லன். அலகு நுனியிலிருந்து வால் வரை ஏறத்தாழ 26 சென்றிமீற்றர். கபிலமும் கறுப்பும் வைக்கோல் மஞ்சளுமாய்க் கோடுகள் ஓடும் உடல். வரம்போரத்துக் காய்ந்த புல்லில் இருந்தால், காலடியில் இருப்பினும் கண்ணுக்குப் படாது. மிதிக்கப் போகும் தறுவாயில் கரகரத்த குரலெழுப்பிச் சடாரென எழும்பும். நீண்ட நேரான அலகைச் சேற்றினுள் ஆழச் செருகி, அலகின் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றவல்லது. கண்களோ தலையின் பின்புறமாகத் தள்ளி அமைந்தவை. குனிந்து உண்ணும் வேளையிலும் பின்னால் வரும் பகையை அது காணும். வகுப்பில் இத்தகைய கண்கள் ஆசிரியருக்கு அல்லவோ வேண்டும்!

அந்த ஊசியிறகுகள் எதற்கு? இக்கேள்விக்கு விடை ஊவாவில் இல்லை. இப்பறவையின் தாயகம் ருஷ்யாவின் வடபகுதியும் சைபீரியாவும். அங்கே பனி உருகியதும் ஆண்பறவைகள், பல வேளைகளிற் கூட்டமாகவே, வானில் உயர்ந்து வட்டமிட்டு, வாலை விரித்தபடி செங்குத்தாகப் பாயும். பாயும் வேகத்தில் அவ்விறகுகள் அதிர்ந்து, இரைச்சலாக ஓர் ஒலி எழும்பும். பெண்ணை அழைக்கும் பாட்டு தொண்டையிலிருந்து மட்டுமன்றி வாலிலிருந்தும் பிறக்கின்றது! நம் வயல்களில் ஆறு மாதம் தங்கியும் அந்தப் பாட்டை அது நமக்குப் பாடிக் காட்டுவதில்லை.

ஈரப் புல்வெளியில் ஒரு சிறு பள்ளமே கூடு. முட்டைகள் பெரும்பாலும் நான்கு. பெட்டை ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்தவுடன் எழுந்து நடக்கும். மாணவர் நினைவிற் பதிவதற்கு ஒன்று சொல்வேன்: கச்சான் காற்றில் நம் பத்தனைகள் காய்ந்து, ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறுகின்ற ஆனி, ஆடி மாதங்களே அங்கு குஞ்சுகள் வளரும் காலம். தேயிலையின் அந்தப் பருவம் முடிந்து, வாடைக்காற்றோடு மழை இறங்கி வயல் சேறாகும் வேளையில் உள்ளான் வந்து சேரும். சித்திரைக்குள் பெரும்பாலும் போய்விடும். வட எல்லையிலிருந்து வருபவை ஒரு வழிக்கே ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேற் பறக்க வேண்டும்.

முன்னாளில் தோட்டத்துத் துரைமார் துப்பாக்கியும் நாயுமாக வயலில் இறங்கி இதனை வேட்டையாடினர். எழும்பியதும் திசைமாறிப் பறக்கும் உள்ளானைச் சுடுவது எளிதன்று. மறைந்திருந்து குறி தவறாது சுடுபவனை ‘ஸ்னைப்பர்’ என்கிறார்களே, அச்சொல் இப்பறவையின் ஆங்கிலப் பெயரிலிருந்தே வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரின் பேச்சில் வேர்கொண்டது. நம் நாட்டில் அச்சொல்லை அறியாத குடும்பம் இல்லை. பறவையைத்தான் அறியோம்.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். மகியங்கனைப் பக்கத்தில் மாமா வயலில் உள்ளான் முட்டையிட்டதைத் தன் கண்ணாற் கண்டதாகச் சொன்னான். இங்கே முட்டையிடாது, நீ வேறெதையோ பார்த்திருப்பாய் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி உட்காரவைத்தேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இரவு யோசித்தபோதுதான் உறைத்தது. மறுநாள் மயிலுள்ளான் படத்தை அவன்முன் வைத்தேன். “இதுதான் சேர், இந்த மங்கலான பறவைதான் முட்டைமேல் இருந்தது” என்றான். அவன் கண்டது முற்றிலும் சரி! மயிலுள்ளான் நம் நாட்டிலேயே வாழ்ந்து நெல்வயலில் முட்டையிடும் பறவை. பெயரில் உள்ளானே தவிர, உறவில் தாமரைக்கோழிக்கே நெருங்கியது. செங்கபிலக் கழுத்தும் பளிச்சென்ற நிறமும் பெண்ணுக்கு, மங்கலானது ஆண். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அந்த ஆணின் வேலை. பெண்ணோ வேறு துணை தேடிப் போய்விடும். முந்தைய நாள் சிரித்த அதே வகுப்பின்முன் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

தேயிலைத் தோட்டத்திலே பிறந்த ஜி. எம். ஹென்றி 1955-இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் நூலகத்திற் கிடைத்தால் மாணவர் புரட்டிப் பார்க்கலாம். புத்தகம் இல்லாவிடினும் வயல் இருக்கிறது. எங்கள் கல்லூரிக்குக் கீழே இருந்த வயலில் பாதியை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டிவிட்டார்கள். மிகுதிப் பாதியில் சேறு காயவில்லை. மார்கழி மாலையொன்றில், பொழுது சாயும் நேரம், வரம்போரமாக மெல்ல நடந்து பாருங்கள். நாயை மட்டும் வீட்டிற் கட்டிவிட்டு வாருங்கள்.